பணியிடத்தில் எழும் உணர்ச்சிகள்: அறிந்துகொள்வதும் கையாள்வதும்

இக்கட்டுரை யாருக்கு?

தலைவலி, நெஞ்செரிச்சல், படபடப்பு, கழுத்துவலி, உறக்கமின்மை ஆகிய தொல்லைகளுக்காகப் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும்போது, "வேலைக்குப் போகிற நாள்களில்தான் அதிகம், லீவு நாளில் இவ்வளவு இல்லை" என்று கூறுவதுண்டு. பேச்சுவாக்கில் வெளிப்படும் அந்த ஒரு வரி, நோயின் காரணத்தை அறிய மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவலாகும். அதனைக் கூறாமலே செல்வோர், வயிற்றுக்கும் தலைவலிக்கும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உட்கொண்டு, மூலகாரணத்தைத் தொடாமலே காலம் கழிக்க நேரிடுகிறது.

பணியிடத்தில் எழும் கோபம், அச்சம், அவமான உணர்வு, சலிப்பு ஆகியவற்றால் உடலோ உறக்கமோ குடும்ப வாழ்வோ பாதிக்கப்பட்டிருப்போருக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

உணர்ச்சி எழும்போது உடலில் நிகழ்வது என்ன?

உணர்ச்சி என்பது பலவீனத்தின் அடையாளம் அன்று. சூழலில் ஏற்படும் மாற்றத்தை உடல் உணர்ந்து, அதற்கேற்ப நம்மைத் தயார்ப்படுத்தும் இயற்கையான ஏற்பாடே உணர்ச்சியாகும். மேலதிகாரி பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளும் கணத்தில், மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா என்னும் பகுதி அதனை ஆபத்தாகக் கணித்து எச்சரிக்கை விடுக்கிறது. சிறுநீரகங்களின் மேற்புறத்திலுள்ள சுரப்பிகள் அட்ரினலினையும், அதனைத் தொடர்ந்து கார்டிசாலையும் சுரக்கின்றன. இதயத் துடிப்பு விரைவாகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. நிதானமாகச் சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளையின் திறன் சற்று நேரத்திற்குக் குறைகிறது.

வால்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், இதனை 'எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு' என்னும் உடலின் ஆயத்தமாக 1915-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். காட்டு விலங்கின் முன் இவ்வாயத்தம் உயிரைக் காக்கும். அலுவலகத்திலோ எதிர்க்கவும் இயலாது, ஓடவும் இயலாது. திரட்டப்பட்ட ஆற்றல் செலவாக வழியின்றி உடலிலேயே தங்குகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழுமானால், அது உயர் இரத்த அழுத்தம், உறக்கக் கோளாறு, வயிற்றுக் கோளாறு, தசைவலி ஆகியவற்றை உண்டாக்கவோ, ஏற்கெனவே உள்ளவற்றை மோசமாக்கவோ கூடும்.

அடக்குவதும் கொட்டுவதும்

பெரும்பாலோர் அறிந்த வழிகள் இரண்டு. ஒன்று, பணியிடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிவைத்தல். மற்றொன்று, வீட்டிற்கு வந்து மனைவி அல்லது கணவரிடமும் குழந்தைகளிடமும் கொட்டித் தீர்த்தல். இவ்விரண்டும் தீர்வாகா.

உணர்ச்சியை முகத்தில் காட்டாது அடக்குவோரிடம் உள்ளத்து வேதனை அதனால் குறைவதில்லை என்பதையும், உடலின் கிளர்ச்சி அதிகரிக்கிறது என்பதையும் உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990-களில் மேற்கொண்ட ஆய்வுகள் காட்டின. மறுபுறம், கோபத்தைக் கத்தித் தீர்த்தால் அது அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் சரியன்று. கத்துவது உடலின் கிளர்ச்சியை நீட்டிக்கிறது, உறவையும் சிதைக்கிறது.

சில பணிகளில் உணர்ச்சியை மறைப்பதே பணியின் ஒரு பகுதியாக உள்ளது. செவிலியர், பேருந்து நடத்துநர், ஜவுளிக்கடை விற்பனையாளர், வாடிக்கையாளர் சேவை மையப் பணியாளர் ஆகியோர் உள்ளே என்ன நிகழ்ந்தாலும் இன்முகம் காட்ட வேண்டியுள்ளது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு, விமானப் பணியாளர்களை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட நூலில் இதனை 'உணர்ச்சி உழைப்பு' எனக் குறிப்பிட்டார். மூட்டை தூக்குபவருக்கு உடல் களைப்பது போன்றே, நாள் முழுதும் புன்னகைக்க வேண்டியவருக்கும் களைப்பு ஏற்படுகிறது. நீங்கள் இத்தகைய பணியில் இருந்தால், "உட்கார்ந்துகொண்டுதானே வேலை, பிறகு ஏன் இவ்வளவு அசதி?" என்று உங்களை நீங்களே குறைகூறிக்கொள்ள வேண்டியதில்லை.

'டென்ஷன்' என்ற ஒரே சொல் போதாது

"ஒரே டென்ஷன்" என்று நாம் அன்றாடம் கூறும் சொல், வெவ்வேறான பல உணர்ச்சிகளை ஒன்றாக மூடிவிடுகிறது. ஒவ்வோர் உணர்ச்சியும் வெவ்வேறு செய்தியைத் தாங்கி வருகிறது. ஆதலால் ஒவ்வொன்றிற்கும் செய்ய வேண்டியதும் வேறாகும்.

• கோபம்: நியாயம் மீறப்பட்டது அல்லது எல்லை தாண்டப்பட்டது என்ற செய்தி.
• அச்சம், பதற்றம்: வேலை, வருமானம், மதிப்பு ஆகியவற்றிற்கு ஆபத்து வரக்கூடும் என்ற செய்தி.
• அவமான உணர்வு: பிறர் முன்னிலையில் மதிப்புக் குறைக்கப்பட்டது என்ற செய்தி.
• ஆதங்கம்: நீங்கள் அக்கறை கொண்ட ஒன்று கவனிக்கப்படவில்லை என்ற செய்தி.
• குற்றவுணர்வு: உங்கள் செயல் உங்கள் அளவுகோலுக்கே குறைவாக இருந்தது என்ற செய்தி.
• சலிப்பு: ஆற்றல் தீர்ந்துவிட்டது, அல்லது வேலையில் பொருள் தெரியவில்லை என்ற செய்தி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, 'வெகுளி' என்னும் சினத்தையும் 'இளிவரல்' என்னும் இழிவுணர்வையும் தனித்தனியே வைத்துள்ளது. உள்ளத்தில் எழுவது மெய்யில் வெளிப்படுதலே மெய்ப்பாடு. இவ்வேறுபாடு இன்றும் பயன்தரும். சக ஊழியரிடம் சீறி விழுந்த ஒருவர் ஆற அமர எண்ணிப் பார்த்தால், காலையில் மேலாளர் இழிவாகப் பேசியதால் ஏற்பட்ட அவமானமே கோபமாக உருமாறியது என்பதைக் காணக்கூடும். பேச வேண்டியது மேலாளரிடமே தவிர, சக ஊழியரிடம் அன்று.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் சூட்டுவதால் அதன் வேகம் தணிகிறது என்பதை மூளைப் பதிவு ஆய்வுகளும் காட்டுகின்றன; அவ்வாறு பெயரிடும்போது அமிக்டலாவின் செயல்பாடு குறைகிறது. ஆகவே ஒரு சிறு குறிப்பேட்டில் இரண்டு வாரங்களுக்கு நான்கு செய்திகளை எழுதி வாருங்கள்: என்ன நிகழ்ந்தது, உடலில் என்ன உணர்ந்தீர்கள், அவ்வுணர்ச்சியின் பெயர் என்ன, அதன்பின் என்ன செய்தீர்கள். மருத்துவரைக் காணச் செல்லும்போது அதனை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உடல் நோய் காரணமாக இருக்கக்கூடுமா?

எரிச்சலும் பதற்றமும் எப்போதும் மனம் சார்ந்தவை மட்டுமே அல்ல. கீழ்க்காண்பவற்றை முதலில் பரிசோதித்து அறிதல் வேண்டும்.

• தைராய்டு சுரப்பு மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், எரிச்சல் ஆகியன ஏற்படலாம். குறைந்தால் சோர்வும் மந்தமும் ஏற்படலாம்.
• இரத்தசோகை களைப்பையும் படபடப்பையும் கவனக் குறைவையும் உண்டாக்கும்.
• இன்சுலின் அல்லது சில நீரிழிவு மாத்திரைகளைப் பயன்படுத்துவோர் வேலைப் பளுவால் உணவைத் தள்ளிப்போட்டால், இரத்தச் சர்க்கரை குறைந்து வியர்வை, நடுக்கம், திடீர்க் கோபம் ஆகியன தோன்றலாம். அளவு 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால், சுயநினைவோடு விழுங்க இயலும் நிலையில் உடனடியாக மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரை அருந்தி, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். சுயநினைவு இழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.
• ஸ்டீராய்டு மாத்திரைகள் போன்ற சில மருந்துகள் மனநிலையை மாற்றக்கூடும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நெஞ்சு வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் "டென்ஷனால்தான்" என்று முடிவு செய்து காத்திருக்க வேண்டாம். உடனடியாக 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியவை

கிளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது மூளை நீண்ட சிந்தனைக்கு ஆயத்தமாக இராது. முதலில் உடலைத் தணிக்க வேண்டும்.

1. நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுங்கள். இவ்வாறு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு மூச்சுகள் வரும். மூன்று நிமிடங்கள் செய்தால் துடிப்பின் வேகம் குறைவதை உணரலாம். இதனை இருக்கையில் அமர்ந்தபடியே பிறர் அறியாமல் செய்ய இயலும்.
2. இயலுமானால் இடத்தை விட்டு விலகுங்கள். தண்ணீர் அருந்தச் செல்வதோ, படிகளில் ஒருமுறை ஏறி இறங்குவதோ திரண்ட ஆற்றலைச் செலவிட உதவும்.
3. கோபத்தில் எழுதிய கடிதத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ அன்றே அனுப்பாதீர்கள். மறுநாள் காலை படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.
4. "இதற்கு வேறு விளக்கம் உண்டா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கத்திற்குப் பதில் கூறாமல் சென்ற அதிகாரி, உங்களைப் புறக்கணித்தவராக இருக்கலாம். வேறு கவலையில் இருந்தவராகவும் இருக்கலாம். இதன் நோக்கம், நேர்ந்த தவற்றை நியாயப்படுத்துவது அன்று. முடிவெடுக்கும் முன் உண்மையை அறிவதே.

தணிந்த பின் பேசும் முறை

பேசாமல் விட்ட கோபம் மனக்கசப்பாக மாறுகிறது. நிகழ்ந்தது, அதன் விளைவு, உங்கள் கோரிக்கை ஆகிய மூன்றை மட்டும் தனிமையில், சுருக்கமாகக் கூறுங்கள். எடுத்துக்காட்டாக: "ஐயா, நேற்று மாலை நான்கு மணிக்கு வந்த மூன்று கோப்புகளையும் ஆறு மணிக்குள் முடிக்க இயலவில்லை. எதை முதலில் முடிக்க வேண்டும் என்று கூறினால், அதைப் பிழையின்றி முடித்துத் தருகிறேன்." இதில் "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்ற குற்றச்சாட்டு இல்லை, பணிந்துபோதலும் இல்லை.

குறை உங்களிடமா, பணியிலா?

மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ராபர்ட் கராசெக் என்னும் ஆய்வாளர் 1979-இல் முன்வைத்த கருத்தின்படி, வேலைப் பளு மட்டுமே மனிதரை வருத்துவதில்லை. பளு மிகுந்து, அதனை எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும் பணியே மிகுந்த பாதிப்பை உண்டாக்குகிறது. பிரித்தானிய அரசு அலுவலர்களிடையே 1985-இல் தொடங்கிய இரண்டாம் வொயிட்ஹால் ஆய்வு, தம் பணியின் மீது கட்டுப்பாடு குறைந்தவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்ததைக் கண்டறிந்தது.

நமது மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜவுளி, நகைக் கடைகளில் பணிபுரிவோர் நாள் முழுதும் நின்றபடியே இருந்ததால் கால்வீக்கம், முதுகுவலி, மாலை நேர எரிச்சல் ஆகியவற்றால் வருந்தினர். பொறுமையாக இருக்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறுவது இதற்குத் தீர்வாகாது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அங்கு மாற வேண்டியிருந்தது பணியாளரின் மனநிலை அன்று, பணியின் அமைப்பு.

உங்கள் குறிப்பேட்டில் ஒரே நிகழ்வு மீண்டும் மீண்டும் வருகிறதா? சக ஊழியர் பலருக்கும் அதே தொல்லை உள்ளதா? அவ்வாறாயின் அது தனிமனிதச் சிக்கல் அன்று. ஒன்றுகூடிக் கோரிக்கை வைத்தல், பணியாளர் சங்கத்தை நாடுதல், தொழிலாளர் துறையில் முறையிடுதல் ஆகியனவும் உங்கள் உடல்நலம் காக்கும் வழிகளே.

பெண்களுக்குப் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்தால் அதனைப் 'பொறுத்துக்கொள்ள வேண்டிய உணர்ச்சி'யாகக் கருதக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். சிறிய நிறுவனங்களில் பணிபுரிவோரும், முதலாளி மீதே புகார் உடையோரும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தகுந்த காரணம் இருப்பின் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை அவகாசம் அளிக்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

பணிச்சோர்வும் மனச்சோர்வும்

நீடித்த பணி அழுத்தத்தால் ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புத் தட்டுதல், செயல்திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையே பணிச்சோர்வு ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு இதனைத் தனி நோயாகக் கூறாமல், பணி சார்ந்த ஒரு நிலையாகவே குறிப்பிடுகிறது. ஓய்வும் பணி அமைப்பில் மாற்றமும் இதற்குத் தேவை.

மனச்சோர்வு இதனினும் வேறானது. அது ஒரு நோய். விடுமுறையிலும் விலகாது. தொடர்ந்து இரண்டு வாரங்கள், பெரும்பாலான நேரமும், கீழ்க்காண்பவற்றில் பல இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

• நீங்காத வருத்தம், அல்லது முன்பு மகிழ்வித்த எதிலும் நாட்டமின்மை
• உறக்கத்திலும் பசியிலும் மாற்றம்
• காரணமற்ற களைப்பு, கவனம் நிலைக்காமை
• தாம் பயனற்றவர் என்ற எண்ணம், மிகுந்த குற்றவுணர்வு
• வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம்

மனச்சோர்வும் பதற்ற நோயும் பரவலானவை. இவ்விரண்டினால் உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலை நாள்கள் இழக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

சிகிச்சை குறித்து அறிய வேண்டியவை

உளவியல் ஆலோசனையும், தேவைப்படின் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் பயன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். "ஒரு வாரம் சாப்பிட்டும் குணமில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். நலமடைந்த பின்னரும் பொதுவாக ஆறு மாதங்களேனும் தொடர வேண்டியிருக்கும். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. எனினும் திடீரென நிறுத்தினால் தொல்லைகள் ஏற்படலாம் என்பதால் மருத்துவர் கூறியபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மாறாக, அல்பிரசோலம், டையசிபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி உறக்கத்திற்காகத் தொடர்ந்து உட்கொண்டால், அவற்றுக்கு அடிமையாகும் நிலை ஏற்படும். மதுவும் அத்தகையதே. அது முதலில் உறக்கம் தருவது போல் தோன்றினும், பின்னிரவு உறக்கத்தைக் கலைத்து மறுநாள் பதற்றத்தை அதிகரிக்கும்.

சிகிச்சை பெறுவது அலுவலகத்திற்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்கு வழங்குகிறது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

வீடு திரும்பியவரிடம் வாசலிலேயே கேள்விகளை அடுக்காமல், அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். "எல்லோருக்கும்தான் கஷ்டம்", "வேலையை விட்டால் குடும்பம் என்னாவது?" ஆகிய சொற்கள் பேச வந்தவரின் வாயை அடைத்துவிடும். "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டு, அறிவுரை கூறாமல் இறுதிவரை கேளுங்கள். அதே வேளையில், பணியிடத்துக் கோபம் வீட்டில் வசையாகவோ அடியாகவோ மாறினால் அதனைப் பொறுத்துக்கொள்வது பரிவு ஆகாது, உதவியை நாடுங்கள்.

வழக்கத்திற்கு மாறான மௌனம், திடீரென மிகுந்த குடி, உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், "நான் இல்லாவிட்டால் நிம்மதி" என்பன போன்ற பேச்சு ஆகியவற்றை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடாது. பேச வழி திறக்கும். அந்நிலையில் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் ஆகியவற்றை அவருக்கு எட்டாதவாறு அகற்றிவிட்டு, உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்களும் வேலைக்குச் சென்றுகொண்டே நோயாளியைப் பராமரிப்பவராக இருக்கலாம். இரண்டு சுமைகளையும் தனியே சுமக்க முயலாமல், மருத்துவமனை செல்லும் நாள்களை உறவினரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் உறக்கத்தையும் உணவையும் நேரத்தோடு காத்துக்கொள்வது நோயாளிக்கும் நன்மையாகும்.

உதவிக்கு அணுக வேண்டியவை

• டெலி-மானஸ் மனநல உதவி எண்: 14416 (கட்டணமில்லை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்)
• அவசர ஆம்புலன்ஸ்: 108
• மகளிர் உதவி எண்: 181
• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு

அடுத்த முறை தலைவலிக்கோ வயிற்றெரிச்சலுக்கோ மருத்துவரைக் காணும்போது, உங்கள் பணி என்ன, அங்கு என்ன நிகழ்கிறது என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் கூறுங்கள். சரியான சிகிச்சை அங்கிருந்தே தொடங்கக்கூடும்.